வெட்டி எழுதிய விடை

இணுவிலைச் சேர்ந்த தயாளினி முப்பத்தெட்டு வயதில் ஏ.எல். என்ற உயர்தரச் சோதனை எழுதினாள். அவளுக்கு மருதனார்மடத்தில் ஒரு புடவைக் கடையில் வேலை. கணவன் கேதீஸ்வரன் ஓட்டோ ஓட்டுகிறான். பிள்ளைகள் இல்லை.

முதல் தடவை அவள் சோதனைக்குப் போனது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஓகஸ்டில். சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே சண்டை தொடங்கி ஊரடங்கு போட்டார்கள். பிறகு திரும்பவும் வைத்தபோது தகப்பன் படுக்கையில் இருந்தார். அவரைப் பார்க்க வீட்டில் வேறு ஆள் இல்லை. அவள் போகவில்லை. அதன் பிறகு கலியாணம், கடை வேலை என்று வருடங்கள் போய்விட்டன.

இப்போது எதற்கு என்று கடையில் எல்லோரும் கேட்டார்கள். இந்த வயதில் அரசாங்க வேலையும் கிடைக்காது. "பாதியிலை விட்டது. முடிப்பம் எண்டு பாக்கிறன்" என்று மட்டும் சொன்னாள்.

வரலாற்றுக்கு வாகீசன் சேரின் ரியூசன் வகுப்பில் சேர்ந்தாள். வாகீசன் அவளைவிட நாலைந்து வயது இளையவர். பல்கலைக்கழகம் முடித்து வேலை கிடைக்காமல் படிப்பிக்கத் தொடங்கியவர். வகுப்பில் அவளை "அக்கா" என்பார், அவள் "சேர்" என்பாள். பிள்ளைகள் முதல் சில வாரம் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். கோபிகா என்ற பிள்ளை வந்து பக்கத்தில் இருந்த பிறகு சிரிப்பு நின்றது. ஆனாலும் வகுப்பு முடிந்து எல்லோரும் கூட்டமாக நின்று கதைக்கும்போது தயாளினி பையை எடுத்துக்கொண்டு தனியாகவே வெளிக்கிடுவாள்.

கடையில் தீபாவளி வியாபாரம் நடந்த வாரம் அவளால் வகுப்புக்குப் போக முடியவில்லை. அந்த வார வகுப்பில் சேர் பிரான்சின் புரட்சிகளைப் படிப்பித்து முடித்தார். தயாளினி அந்தப் பகுதியைப் பாடப்புத்தகத்தைப் பார்த்துத் தானாகவே படித்தாள்.

உலக வரலாற்று வினாத்தாள் ஒரு திங்கட்கிழமை வந்தது. மண்டபத்துக்குள் போகுமுன் கோபிகாவும் லோஜன் என்ற பெடியனும் வாசலில் நின்று பாடமாக்கியதை ஒருவருக்கொருவர் ஒப்புவித்துக்கொண்டிருந்தார்கள். 1830இல் லூயி பிலிப் போனான், 1848இல் பத்தாம் சார்ள்ஸ் போனான் என்றார்கள். தயாளினி புத்தகத்தில் படித்தது அதற்கு நேர்மாறாக இருந்தது. கேட்க நேரம் இல்லை, மணி அடித்துவிட்டது.

அந்தக் கேள்வியே வந்தது. 1830ஆம் ஆண்டுப் புரட்சியில் பதவி இழந்த பிரெஞ்சு மன்னர் யார், அதற்கான காரணங்கள் எவை? தயாளினி முதலில் பத்தாம் சார்ள்ஸ் என்று எழுதினாள். அரைப் பக்கம் எழுதிய பிறகு வாசலில் கேட்டது நினைவுக்கு வந்தது. இத்தனை பேர் வகுப்பில் இருந்து கேட்டு எழுதியிருக்கிறார்கள், தான் ஒருத்திதான் அன்றைக்கு வரவில்லை. கோடு போட்டு வெட்டிவிட்டு லூயி பிலிப் என்று எழுதினாள்.

வெளியே வந்ததும் வகுப்புப் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் கூடினார்கள்.

"அக்கா, நீங்கள் ஆர் எண்டு எழுதினீங்கள்?" என்று கோபிகா கேட்டாள்.

"லூயி பிலிப்."

"அப்ப சரி. எங்கள் எல்லாருக்கும் ஒண்டுதான்."

லோஜன் தண்ணீர்ப் போத்தலை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கிக் குடித்துவிட்டு அவர்களோடேயே நின்றாள். அடுத்த கேள்விக்குப் போனார்கள். அதிலும் அவள் விடை ஒத்து வந்தது. அவளும் சத்தமாகச் சிரித்துக் கதைத்தாள்.

அப்போது வேறொரு ரியூசனில் படிக்கும் அருந்ததி அந்தப் பக்கமாக வந்தாள். "என்னடி சொல்லுறியள்? முப்பதிலை போனது சார்ள்ஸ் எல்லே? லூயி பிலிப் அதுக்குப் பிறகுதானே வந்தவன்" என்றாள். லோஜன் அவளோடு வாதாடினான். அவள் பையிலிருந்து பாடப்புத்தகத்தை எடுத்து விரித்துக் காட்டினாள்.

வாசலில் ஓட்டோவோடு நின்ற கேதீஸ்வரனின் போனை வாங்கி, கோபிகா சேருக்குக் கோல் எடுத்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி போட்டாள்.

வாகீசன் கேள்வியைக் கேட்டுவிட்டு, "நான் என்னெண்டு சொல்லித் தந்தனான்?" என்றார்.

கோபிகா சொன்னாள்.

"அப்பிடியோ சொன்னனான்?" பிறகு சொன்னார்: "பிழை. அது என்ரை பிழை. அண்டைக்கு எனக்குக் காய்ச்சல், ஆனா அதைச் சொல்லித் தப்பேலாது. எல்லாருக்கும் சொல்லிவிடுங்கோ, சேர்தான் மாறிச் சொல்லிப்போட்டார் எண்டு."

கோபிகா அழுதாள். லோஜன் கெட்ட வார்த்தை ஒன்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தான்.

ஓட்டோவில் போகும்போது தயாளினி சொன்னாள்: "நான் முதல் சரியாத்தான் எழுதினனான். பிறகு வெட்டிப்போட்டன்."

கேதீஸ்வரன் சிரித்துவிட்டான். "சரியா எழுதினதை ஏனப்பா வெட்டினனீ?"

தயாளினிக்குச் சேர்மேல் வந்த கோபம் அன்று பின்னேரமே போய்விட்டது. தன்மேல் வந்தது போகவில்லை.

வரலாற்றின் இரண்டாவது வினாத்தாளுக்கு முதல்நாள் கடைசி வகுப்பு. பாதிப் பேர் வரவில்லை. சிலர் அருந்ததியின் ரியூசனுக்குப் போயிருந்தார்கள். வாகீசன் பலகைக்கு முன்னால் நின்று, எங்கே தொடங்குவது என்று கேட்டார்.

தயாளினி எழும்பினாள். "சேர், நீங்கள் சொன்ன மிச்சமெல்லாம் சரியோ?"

யாரோ சிரித்தார்கள். வாகீசன் சிரிக்கவில்லை. "தெரியேல்லை அக்கா. பாப்பம்" என்றார்.

மேசைகளை ஒன்றாகச் சேர்த்துப் போட்டு, வந்தவர்கள் சுற்றி இருந்தார்கள். அவர் சொல்லித் தந்ததை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் பாடப்புத்தகத்தில் தேடினார்கள். இன்னொரு பிழை அகப்பட்டது, ஓர் உடன்படிக்கையின் ஆண்டு. அதையும் அவர் ஒத்துக்கொண்டார்.

இரண்டாவது சோதனை முடிந்து வெளியே வந்தபோது கோபிகா மரத்தடியிலிருந்து கைகாட்டிக் கூப்பிட்டாள். "அக்கா, வாங்கோ, விடை பாப்பம்!"

"நான் வரேல்லையம்மா. எனக்குத் தெரிஞ்சதை எழுதினன், அது போதும்" என்று சொல்லிவிட்டு தயாளினி ஓட்டோவில் ஏறினாள்.

முடிவுகள் வந்தபோது தயாளினி மூன்று பாடத்திலும் சித்தி அடைந்திருந்தாள். வரலாற்றுக்கு சாதாரண சித்திதான். கோபிகாவுக்கு அவளைவிட ஒரு படி கூட. வாகீசனின் வகுப்பில் அடுத்த வருடம் பிள்ளைகள் குறைந்தார்கள், ஆனாலும் வகுப்பு நடக்கிறது.

கடை முதலாளி முடிவைக் கேட்டுவிட்டு, "இனி என்ன செய்யப் போறீர்?" என்றார்.

"இண்டைக்கு அரைநாள் லீவு தாங்கோ. வீட்டை போய் நித்திரை கொள்ளப் போறன்" என்றாள் தயாளினி. அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். கையிலிருந்த சேலையை மடித்து வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு அவள் பஸ்ஸுக்குப் போனாள்.