இரண்டு தரம் சொன்ன செபம்

பலெர்மோவில் ஒரு கிழவரின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வேட்டைத் தோட்டாவுக்கு மருந்து நிரப்புவாய் என்று மன்னாரில் எவனாவது எனக்குச் சாத்திரம் சொல்லியிருந்தால், போடா விசரா என்று துரத்தியிருப்பேன். வெடிச் சத்தத்துக்குப் பயந்து கடல் தாண்டியவன் நான். கல்யாண வீட்டுச் சீனவெடிக்கே இன்றும் காதைப் பொத்துவேன்.

பலெர்மோவின் கால்சாப் பகுதியில் நான் வேலை செய்யும் வீட்டு ஐயா, இங்கத்தைப் பாசையில் சின்யோரே, முன்னாள் மருந்துக்கடைக்காரர், மனைவியை இழந்தவர். சமைப்பது, துடைப்பது, அவருடைய சட்டையை மடிப்பது எல்லாம் நான்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் முயல் சுடப் போவார். கடைத் தோட்டா தோளை உடைக்கிறது என்று, சனிக்கிழமைகளில் தானே நிரப்புவார். அதற்கு உரிமமும் வைத்திருந்தார். பிறகு அவருடைய கை நடுங்கத் தொடங்கியது. தூசு துடைத்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு அளவுக் கரண்டியைக் கையில் தந்தார். மறுக்கத் தைரியம் இல்லாமல் வாங்கிக்கொண்டேன்.

அந்த மேசைக்கென்று அவர் சட்டங்கள் வைத்திருந்தார். மேசையில் ஒரு வெடிமருந்து டின்தான் இருக்கலாம். கைத்தொலைபேசி வேறு அறையில் இருக்க வேண்டும். ஒரு கோதுக்கு, அதாவது ஒரு வெற்றுத் தோட்டாக் கூட்டுக்கு, ஒரு கரண்டி மருந்து. எல்லாக் கோதும் நிரம்பிய பிறகு டோர்ச் அடித்து, மருந்து ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அதன் பிறகே அடைப்பு, ஈயக்குண்டு, வாயை மடிக்கும் கைப்பிடி. எல்லாவற்றிலும் பெரிய சட்டம், கதைக்கக் கூடாது.

அங்கேதான் நான் செத்தேன். என் வாய் சும்மா இருக்காது. நித்திரையிலும் கதைக்கிறேன் என்று மனைவி சத்தியம் பண்ணுவாள். ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். கதைக்கத்தானே கூடாது, செபிக்கலாமே! ஒரு கோதுக்கு ஒரு ‘அருள் நிறைந்த மரியே’. தொடங்கும்போது கரண்டி, ஆமென் சொல்லும்போது அடுத்த கோது. மனசுக்குள் எனக்கு என்ன புளுகம், என்ன பெருமை! வேலைக்கு வேலையும் ஆச்சு, செபமாலைக்குச் செபமாலையும் ஆச்சு. மாதாவே கூட இருந்து நிரப்புகிறா என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை சின்யோரே குசினியில் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். பாதிச் செபத்தில் என் சட்டைப் பையில் தொலைபேசி நடுங்கியது. ஓம், வேறு அறையில் இருக்க வேண்டிய அதே தொலைபேசிதான். மனைவி.

“வரேக்கை கபோச் சந்தையில மீன் வாங்கிக்கொண்டு வாங்கோ. செபமாலைக்குப் பிந்திப் போடாதேங்கோ, இண்டைக்கு நான்தான் சொல்லப் போறன்.”

“ஓம், ஓம், வாறன், வையும்,” என்று கிசுகிசுத்தேன்.

பிறகு அவசர அவசரமாக வேலையை முடித்தேன். டோர்ச் வெளிச்சத்தை ஒரு ஓட்டம் ஓடவிட்டேன், அவ்வளவுதான். ஒரு தோட்டாவின் வாய் மட்டும் மடியமாட்டேன் என்று முரண்டு பிடித்தது. விடுவேனா? எழுந்து நின்று, உடம்புப் பாரம் முழுவதையும் கைப்பிடியில் போட்டு அமத்தினேன். மடிந்தது. இந்த வயதிலும் என்ன பலம் என்று என் புயத்தை நானே தடவிப் பார்த்தேன். மடையன்!

பின்னேரம் கோவில் மண்டபத்தில் மனைவி முன்னால் முழந்தாளிட்டுச் செபமாலை சொன்னாள். பாதியில் யாருடையதோ தொலைபேசி அலறியது. அவள் திரும்பி முறைத்தாள். பிறகு எங்கள் ஆட்கள் எப்போதும் செய்வதையே செய்தாள். அறுந்த செபம் தேவதாய்க்குப் போய்ச் சேராது என்று, அதை முதலிலிருந்து தொடங்கினாள்.

“அருள் நிறைந்த மரியே...”

 நானும் அதைத்தானே செய்தேன்! தொலைபேசியை வைத்துவிட்டு, அதே கோதுக்கு முன்னால் செபத்தை முதலிலிருந்து தொடங்கினேன். செபம் தொடங்கினால் கை தானாகக் கரண்டிக்குப் போகும். முரண்டு பிடித்த அந்த வாய் கண்ணுக்கு முன்னால் வந்தது. விடிந்தால் வேட்டை.

எழுந்து ஓடினேன்.

“செபம் முடியாமல் எங்கை போறியள்?” மனைவி ஒலிவாங்கியிலேயே கேட்டாள்.

“தோட்டாவுக்கு!” என்று கத்தினேன். மண்டபம் முழுவதும் சிலுவை போட்டுக்கொண்டது.

சின்யோரேக்குக் காது மந்தம், தொலைபேசியை எடுக்கவே இல்லை. பஸ்ஸும் வரவில்லை. கையில் மீன் பையோடு கால்சா வரை ஓடினேன். மீனை ஏன் கொண்டு போனேன் என்று இன்றைக்கும் மனைவி கேட்கிறாள். என்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தபோது அவர் இடுப்பில் தோட்டாக் கச்சை கட்டி, அளவு சரிதானா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். தொலைபேசி, செபம், கரண்டி, புயம், ஒன்றையும் விடவில்லை.

“எந்தத் தோட்டா?” என்றார்.

“தெரியாது, சின்யோரே.”

எல்லாம் ஒரே மாதிரித்தான் மினுங்கின. அவர் கச்சையை அவிழ்த்து மேசையில் வைத்தார். சந்தேகம் வந்தால் ஒன்றைத் தேடக் கூடாது, எல்லாவற்றையும் திறக்க வேண்டும் என்றார். ஏச்சு வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அதுதான் கூடப் பயமாக இருந்தது. நான் ஒவ்வொன்றாக வாயைப் பிரித்து ஈயத்தையும் அடைப்பையும் எடுத்தேன். அவர் மருந்தைக் கரண்டியில் கொட்டி அளந்தார். சரி, சரி, சரி. வீணாகப் பயந்துவிட்டோமோ என்று எனக்குக் கொஞ்சம் துணிவுகூட வந்தது.

அப்புறம் ஒன்று வந்தது. கரண்டி நிரம்பியது. கோதுக்குள் இன்னும் ஒரு கரண்டி இருந்தது.

சின்யோரே கரண்டியை மெதுவாக வைத்தார். தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தார். துவக்கின் குழாயைத் தாங்குகிற கை; இரட்டை மருந்தில் குழாய் வெடித்தால் முதலில் போவது அதுதான். விரல்களை மடக்கினார், விரித்தார், திரும்பவும் மடக்கினார். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

“கோப்பி போடு,” என்றார்.

போட்டுக்கொண்டு வந்தேன். எப்போதும் வலது கையால் வாங்குகிறவர், அன்று இடது கையை நீட்டி வாங்கினார். கை நடுங்கி, சுடச்சுடக் கோப்பி என் சட்டையில் கொட்டியது. நான் வாயைத் திறக்கவில்லை.