கண் திறந்த யாளி

பொன்னமராவதியை விட்டுக் கிளம்பி ஒரு மணி நேரம் நடந்திருப்பேன். அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். காலையில் மேனேஜர் முன்னால் போய் நின்று, போகிறேன் என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. நான் எந்த வேலையை விடும்போதும் யாரும் கேட்பதில்லை. அதில் ஒரு வசதி, பொய் யோசிக்க வேண்டியதில்லை.

திருமயம் போகும் சாலையில் கழிவு எண்ணெய் வாசனை வந்தது. சிமெண்டில் ஜாடியும் குட்டித் தூண்களும் வார்க்கிற பட்டறை. முன்னால் ஆறேழு யாளிகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. சிங்க உடம்பு, யானைத் தும்பிக்கை, பிதுங்கிய கண். நின்றுவிட்டேன்.

"என்னண்ணே, வீடு கட்டுறீங்களா? கேட்டுக்கு டிராகன் வேணுமா?" என்றார் பட்டறைக்காரர். என் பையையும் செருப்பையும் பார்த்த பிறகும் கேட்டார் என்றால் கிண்டல்தான்.

"இது யாளிங்க."

"என்னமோ. சாம்பல் அடிச்சா டிராகன், மஞ்சள் அடிச்சா சிங்கம். யாளி வேணும்னு இங்கிட்டு ஒருத்தரும் வந்ததில்ல."

அந்தப் பெயரை நான் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை. அது எட்டாம் வகுப்போடு போயிற்று. சில வருஷத்துக்கு முன் திருமயம் பக்கம் ஒரு கிராமத்துக் கோயிலில், கும்பாபிஷேகத்துக்காகக் கோபுரத்துச் சுதைச் சிற்பங்களைப் புதுப்பிக்கும் வேலைக்குப் போனபோது கேட்டது. ஊரில் பெரிய பெரிய வீடுகள், எல்லாம் பூட்டிக் கிடந்தன. வீட்டுக்காரர்கள் சென்னையிலிருந்து கும்பாபிஷேகத்துக்குத்தான் வருவார்கள் என்றார்கள். அதுவரை எங்கள் சத்தம்தான் ஊரில்.

யானை முகம் என்றால் கஜ யாளி, சிங்க முகம் என்றால் சிம்ம யாளி என்று பெரிய ஸ்தபதி சொல்வார். காட்டில் எந்தக் காலத்திலும் இருந்திராத மிருகம், ஆனால் அது இல்லாமல் கோயில் நிற்காது. எங்கள் கூட்டத்தில் அந்தப் பெயருக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. இரண்டு வேலை அரைகுறையாகத் தெரிந்தவனை யாளி என்பார்கள். நான் கொத்தனாருக்குக் கலவை கொடுப்பேன், பெயிண்டர் வராத அன்று வர்ணம் அடிப்பேன். "யாளியக் கூப்புடு" என்றால் என்னைத்தான். கோபம் வந்ததில்லை. கல்யாணம் ஆனவன், குடித்தனம் இல்லாதவன். பெயர் பொருந்தத்தான் செய்தது.

என் மனைவி மலர் அப்போது ஆவுடையார்கோவிலில் அவளுடைய அம்மா வீட்டில் இருந்தாள். நான் ஒரு இடத்தில் தங்காமல் ஊர் ஊராக இழுத்தடித்ததில் சலித்துப் போனவள். இந்தக் கோயில் வேலைக்கு நான் கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொன்னாள். "அந்தக் கும்பாபிஷேகம் முடியிற வரைக்கும் ஒரே எடத்துல நின்னு காட்டுங்க. நான் பெட்டியத் தூக்கிக்கிட்டு வாரேன்." நின்றேன். நான்கு மாதம். என் வாழ்க்கையில் அது சாதனை, சிரிக்காதீர்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் புளிச்சோறு கட்டிக்கொண்டு பார்க்க வந்தாள். மற்றவர்கள் குளத்துப் பக்கம் சாப்பிடப் போயிருந்தார்கள். கோபுரத்தின் அடிவரிசையில் மூன்றாவது யாளியைக் காட்டி, முழுக்க நான் அடித்தது என்றேன்.

"நல்லாத்தாங்க இருக்கு. கண்ணு மட்டும் ஏன் வெள்ளையாக் கெடக்கு? பொணம் முழிச்ச மாதிரி."

எந்த உருவத்துக்கும் கண்ணை மட்டும் எழுதாமல் விடுவது வழக்கம். கடைசி நாள் பெரிய ஸ்தபதி குளித்து, பூசை போட்டு, தானே ஏறிக் கண் திறப்பார். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், அதெல்லாம் சாமிக்குத்தானே, மிருகத்துக்கு என்ன என்று நினைத்தேன். ஏறி, கருப்பு வர்ணத்தில் இரண்டு பொட்டு வைத்தேன்.

மலர் கீழே நின்று சிரித்தாள். "இப்ப என்னயப் பாக்குது." பஸ் ஏறும்போது, "கும்பாபிஷேகம் வரைக்கும் எதுக்கு, வர்ற வெள்ளியே வந்துர்றேன்" என்றாள்.

சாப்பிட்டுவிட்டுக் கோபுரத்தில் ஏற முதலில் வந்தவர் கருப்பையா அண்ணன், கொத்தனார். யாளிகளின் முதுகில் கால் வைத்துத்தான் சாரத்தின் மேல்தட்டுக்கு ஏறவேண்டும். நான்கு மாதமாக எல்லாரும் அப்படித்தான் ஏறினோம். அவர் காலைத் தூக்கியவர், அப்படியே இறக்கினார்.

"இது பாக்குதுய்யா."

அதன் பிறகு அந்தப் பக்கம் யாரும் ஏறவில்லை. பெரிய ஸ்தபதி வந்து நின்று பார்த்தார். அழித்துவிடுகிறேன் என்றேன்.

"தொறந்த கண்ண அடைக்கிறதா? எந்தக் கை அதுக்குத் துணியும்?"

என் கை துணிந்திருக்கும். ஏறத்தான் விடவில்லை. சாரத்தைப் பிரித்து வேறு வழியில் கட்டச் சொல்லிவிட்டு, "நீ வேற எடம் பாத்துக்கப்பா" என்றார். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவர் மெதுவாகச் சொன்னார்.

மலருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அறந்தாங்கிப் பக்கம் சுற்றினேன். அடுத்த வெள்ளி அவள் பெட்டியோடு வந்து, சாயங்கால பஸ் வரை அந்த மூன்றாவது யாளிக்குக் கீழே நின்றாளாம். பிறகு கருப்பையா அண்ணனிடம் ஒன்று கேட்டாளாம். "அவராப் போனாரா, போகச் சொன்னாங்களாண்ணே?"

"அவராத்தான் போனாப்லன்னு சொல்லிட்டேன்ப்பா" என்று போனில் சொன்னார் அவர். "வெரட்டிட்டாங்கன்னு பொஞ்சாதிக்கிட்டச் சொன்னா ஒனக்கு மானக்கேடுல்ல?"

எங்கள் கூட்டத்தில் அப்படித்தான். விரட்டப்பட்டவனை எல்லாருமாகச் சேர்ந்து தானாகப் போனவன் ஆக்கிவிடுவோம். நானும் பலபேருக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

அவளைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்தேன். எத்தனையோ முறை தானாகப் போனவன், இந்த ஒருமுறை மட்டும் இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கீழே வைத்தேன். அந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லை. அம்மா வீட்டையும் விற்றுவிட்டார்களாம். அவள் திருப்பூரில் இருப்பதாக ஒருவர் சொன்னார், இல்லை என்று இன்னொருவர் சொன்னார்.

இதையெல்லாம் பட்டறைக்காரரிடம் சொல்லவில்லை. ஆள் வேண்டுமா என்று மட்டும் கேட்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு வேலைக்குச் சேர்ந்தேன். அச்சுக்கு எண்ணெய் தடவுவது, கலவை ஊற்றுவது, காய்ந்ததும் பிரிப்பது. கண்ணுக்கென்று தனி வேலை இல்லை, அச்சிலேயே இருக்கிறது. பிரித்தவுடன் முழித்துக்கொண்டுதான் வெளியே வருகிறது. வெள்ளைக் கண்ணோடு ஒரு நாள்கூட அது காத்திருப்பதில்லை. யாளி என்று என்னைக் கூப்பிடவும் அங்கே ஆள் இல்லை.

பரணில் இருந்த அச்சு ஒன்றை எடுக்கச் சொன்னார் பட்டறைக்காரர். எட்டவில்லை.

"அந்த டிராகன் மேல ஏறி எடுண்ணே. நல்லாக் காஞ்சிருச்சு, ஒன்னும் ஆகாது."

செருப்பைக் கழற்றினேன். அதன் முகத்தைப் பார்க்காமல் முதுகில் கால் வைத்து ஏறினேன்.