எல்லாப் பழுதுக்கும் ஒரே பெயர்

கும்மிடிப்பூண்டியில் தகடு வெட்டி வளைக்கும் கம்பெனி ஒன்றில், பிரஸ் மெஷின்களின் கன்ட்ரோலர் போர்டுக்கு புரோகிராம் எழுதுவது என் வேலை. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, கைப்பழக்கம்தான். ஆரம்பத்தில் ஒரு சோம்பேறித்தனம் செய்தேன். சென்சார் ஒயர் அறுந்தாலும் சரி, ஆயில் அழுத்தம் இறங்கினாலும் சரி, எல்லாவற்றையும் ஒரே பிழைக்குள் தள்ளினேன். திரையில் 'ஆபரேட்டர் தவறு' என்று வரும்.

மெயின்டனன்ஸ் இன்சார்ஜுக்கு அது வெல்லமாக இனித்தது. மெஷின் நின்றால் பழியை ஓட்டுகிறவர் தலையில் கட்டினார். எளாவூரிலிருந்து வேலைக்கு வரும் என் அக்கா புருஷன் பெயரில் மட்டும் ஐந்து முறை எழுதி, சஸ்பெண்டும் செய்ய வைத்தார். திங்கட்கிழமை விசாரணை. வேலை போய்விடும் என்றுதான் பேச்சு.

கேன்டீனில் என்னிடமே வந்து சிரித்தார். "உங்க மாமா கைக்கு மெஷின் மசியல தம்பி. நான் இன்னா பண்றது? நீ எழுதனதுதானே சொல்லுது!"

பாதி இட்லியோடு எழுந்தேன். இவரை விடக்கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

'இன்சார்ஜ் தவறு' என்று ஒரு பிழை வகை எழுதினேன். படிக்கவே சுகமாக இருந்தது. பிறகு நானே அழித்தேன். யார் செய்தது என்று போர்டுக்குத் தெரியாது. ஒயரில் என்ன வருகிறது என்பது மட்டும்தான் தெரியும். பொய் எழுதினால் அந்த ஆள் அதைப் பிடித்துக்கொண்டே தப்பிவிடுவார்.

ஒயர் அறுந்ததைத் தனியாகப் பிரித்தேன். அழுத்தம் இறங்கியது தனி. காரணம் புரியாவிட்டால் 'காரணம் தெரியவில்லை' என்றே எழுதினேன். கடைசியாக ஒன்று. ஒவ்வொரு பீஸை எடுக்கவும் பாதுகாப்புக் கதவைத் திறந்து மூட வேண்டும். பத்து பீஸ் ஓடியும் கதவில் உள்ள சுவிட்ச் அசையாவிட்டால், 'கதவு சுவிட்ச் மாறவில்லை' என்று காட்டி மெஷின் நிற்கும். மேனேஜரிடம் கேட்டுத்தான் ஏற்றினேன்.

திங்கள் காலை விசாரணையில், மாமாவின் மெஷினில் குறையே இல்லை என்று காட்ட இன்சார்ஜே ஓட்டினார். பதினோராவது பீஸில் நின்றது.

"இன்னா சார் வந்துக்குது? படிங்க," என்றார் மேனேஜர்.

'கதவு சுவிட்ச் மாறவில்லை' என்று இன்சார்ஜ் படித்தார். பேனலைத் திறந்தால், சுவிட்சின் குறுக்கே செப்புக் கம்பி. கதவு திறந்தே கிடந்தாலும் மெஷின் ஓடும்.

"யார் கட்னது?" என்றார் மேனேஜர்.

பேக்கிங் அக்கா ஒருத்தி, "நம்ம சாருதான். பீஸு ஏறணும்னு எங்க கைய அடகு வெச்சிக்கினு கீறாரு," என்றாள்.

'ஆபரேட்டர் தவறு' என்பது எல்லாப் பழுதுக்கும் நான் வைத்த ஒரே பெயர் என்று மேனேஜரிடம் ஒப்புக்கொண்டேன். மாமாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. "உட்டுடு மச்சான், அவருக்கும் புள்ளைங்க கீது," என்றார்.

நான் விடவில்லை. மாமாவின் ஃபைலில் இருந்த ஐந்து பதிவையும் 'காரணம் தெரியவில்லை' என்று இன்சார்ஜ் கையாலேயே திருத்த வைத்தேன். ஒவ்வொரு கையெழுத்துக்கும் பேனாவை நானே நீட்டினேன்.