முடிதிருத்துபவர் படித்த லத்தீன்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று தெருவே கேட்டது. வளைந்துதான் ஆகவேண்டும் என்றார் முடிதிருத்தும் கடைக்காரர். வேறு வழி?

அவர் மனைவி பள்ளியில் லத்தீன் வாத்தியாரம்மா. பக்கவாதம் வந்து அவளுடைய சொந்தப் பேச்சை அடியோடு துடைத்துக்கொண்டு போனது. காலமெல்லாம் வகுப்பில் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திய லத்தீன் மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. வாயைத் திறந்தால் அதுதான் வந்தது. மருத்துவர் கையை விரித்துவிட்டார். தண்ணீர் கேட்கிறாளா, தலை வலிக்கிறதா, திட்டுகிறாளா என்று ஒன்றும் தெரியாமல், கட்டிய மனிதர் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் நின்றார்.

அவளுடைய பழைய பாடப்புத்தகத்தையே எடுத்தார். கடைக் கண்ணாடிக்குக் கீழே விரித்து வைத்து, கத்தரி ஓட ஓட முணுமுணுப்பார்.

“ஏண்ணே, செத்துப்போன பாஷைய வச்சுக்கிட்டு யார்கூடப் பேசப்போறீங்க?” என்றார் நாற்காலியில் இருந்த தபால்காரர்.

“வீட்ல ஒரு ஆளு இருக்கு. தலைய ஆட்டாதீங்க, காது போயிடும்.”

அந்தப் புத்தகம் ஒரு படுபாவி. உழவன் சிறுமிக்கு ரோஜா கொடுக்கிறான். மாலுமி தீவைப் பார்க்கிறான். எவனுக்கும் முதுகு வலிப்பதில்லை. அடுத்த நிலைப் புத்தகத்தைப் புரட்டினால் ஈட்டி, முகாம், முற்றுகை என்று ஒரே சண்டை. ‘எங்கேம்மா வலிக்குது?’ என்று கேட்க இரண்டிலும் வழியில்லை. எரிச்சலில் அழுகையே வந்தது.

ஆனாலும் தினம் மாலை அவள் கட்டிலருகே நின்று வாசித்தார். உட்கார்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்; அவள் வகுப்பில் நின்றுதான் வாசிக்க வேண்டுமாம். தப்பினால் நல்ல கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுவாள். அந்தத் தட்டுக்காகவே சில நாள் வேண்டுமென்று தப்பாக வாசித்தார்.

ஒரு மாலை பாடம் முடிந்ததும், அவள் வாசலைப் பார்த்தபடி மெதுவாக ஏதோ சொன்னாள். எல்லாம் அவர் படித்த சொற்கள். முதன்முறையாக ஒரு முழு வாக்கியம் அகராதி இல்லாமல் புரிந்துவிட்டது.

“புரிஞ்சிடுச்சு!” என்று துள்ளினார்.

துணி மடித்துக்கொண்டிருந்த மைத்துனி ஓடிவந்தாள். “என்ன அத்தான் சொல்றா அக்கா?”

அவர் புத்தகத்தை மெல்ல மூடினார். “என் புருஷன் எங்கேன்னு கேக்குறா.”

பிறகு நிமிர்ந்து நின்று, “இங்கே இருக்கிறார்” என்று லத்தீனில் சொன்னார். முதல் பாடம், உச்சரிப்பில் ஒரு பிசகில்லை. அவள் தட்டவில்லை. நன்றாகப் படிக்கும் மாணவனைப் பார்த்துச் சிரிப்பதுபோல் சிரித்துவிட்டு, மறுபடியும் வாசலைப் பார்க்கத் தொடங்கினாள்.