எல்லைக்கல்லும் வெட்டிய பாட்டும்

பிள்ளைகளே, கராஜுக்குள் கிடக்கும் அந்தச் சாம்பல் நிறக் கல்லை எப்போது எறியப்போகிறேன் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அது கல் அல்ல. குளிர்சாதனப் பெட்டியை அடிபடாமல் சுற்றி வந்த, பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் அட்டை. நான்தான் வெட்டி, பெயின்ட் அடித்தேன். அதன் கதையை இதுவரை உங்களுக்குச் சொல்லாததற்குக் காரணம் வெட்கம்.

இந்த நாட்டுக்கு வந்த பிறகு, இக்காஸ்ட் நகரில் நாங்கள் தமிழர்கள் சிலர் சேர்ந்து ஒரு சரித்திர நாடகம் பழகிய வருடம் அது. தன் எல்லையைக் காடு கடந்து, ஊர் கடந்து நீட்டிக்கொண்டே போகும் ஓர் அரசனின் கதை. நான் அரசன். தையல் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த ஆர்மோனிய அண்ணை பாட்டுகளை எழுதி இசையும் போட்டார். பள்ளிக்கூட மண்டபத்தில் குதிரைக்கும் சேனைக்கும் எங்கே போவது? அண்ணை ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் இரண்டு பேர் எல்லைக்கல்லைத் தூக்கி, சனத்தை நோக்கி மூன்று அடி முன்னால் வைக்க வேண்டும். வாள் அல்ல, பாட்டுத்தான் நாட்டைப் பிடித்தது.

“உன்ரை வாள்வீச்சைப் பாத்தால் எதிரி சிரிச்சுத்தான் சாவான், ராசா,” என்பார். “பாட்டை ஒழுங்காப் பாடு, நாடு தானா வரும்.”

பாடப் பாட எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது உண்மை. அந்தக் கல் யார் வீட்டு முற்றத்தில் விழுகிறது என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை. அண்ணை யோசித்திருந்தார். வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவே கல் நடப்பட்ட ஒரு பெண்ணுக்கு அவர் ஒரு பாட்டு எழுதியிருந்தார். அந்தப் பாட்டுக்கு மட்டும் கல் நகராது. ஒருமுறை பாடிக் காட்டினார்.

“ஒப்பாரி வேண்டாம் அண்ணை, சனம் எழும்பிப் போயிடும். என்ரை வெற்றிப் பாட்டை நீட்டுவம்,” என்றேன். மற்றவர்களும் ஓம் என்றார்கள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ராசா சொன்னால் சரி,” என்று தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

நாடகத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது ஊரில் யுத்தம் முடிந்தது. அண்ணையின் ஒரே தங்கை வன்னியில் இருந்தாள். தை மாதத்தோடு அவளுடைய தொலைபேசி நின்றிருந்தது. தொழிற்சாலை இடைவேளையில் அவர் அதே இலக்கத்தை அழுத்திக் காதில் வைத்தபடி இருப்பார். மேசையில் கோப்பி ஆறிப்போகும்.

நாடகம் நின்றது. ஆர்மோனியத்தை எடுக்க அவர் வந்தபோது மண்டபத்தில் நான் மட்டும் சாமான் கட்டிக்கொண்டு நின்றேன். எல்லைக்கல் மேடையின் விளிம்பில், என் வெற்றிப் பாட்டு கொண்டுபோய் விட்ட இடத்தில் இருந்தது.

“அண்ணை, அந்தப் பொம்பிளையின்ரை பாட்டையும் சேர்த்து, பிறகு ஒருநாள்...”

“வேண்டாமடா தம்பி. இனி அதுக்கு நடிக்க ஆள் தேவையில்லை.”

தங்கையைப் பற்றி ஒரு செய்தியும் வரவில்லை. அண்ணை மகளோடு இருக்க ஓல்போர்க் நகருக்குப் போனார். போன மாதம் அங்கேயே காலமானார். அந்தத் தாளைப் பற்றி மகளிடம் கேட்டேன். அப்படி ஒன்று இருந்ததே அவளுக்குத் தெரியாது. ஒரேயொரு தடவை கேட்ட பாட்டில் எனக்கு மிஞ்சியது இரண்டு வரிதான்:

கல்லை நட்ட ராசாவே, கிணறு ஆருக்கு?
வாளி என்ரை கையிலே, தண்ணி ஆருக்கு?

செத்தவீட்டுக்குப் போய் வந்த அடுத்த நாள், நீங்கள் எல்லோரும் வெளியே போன பிறகு, கராஜைத் திறந்து காரை வெளியே எடுத்தேன். கல்லை வாசலோரம் கொண்டுவந்து வைத்தேன். அந்த இரண்டு வரியையும் பாடி, அதை மூன்று அடி பின்னால் வைத்தேன். மறுபடி பாடினேன். மறுபடி மூன்று அடி. பின்சுவரில் கல் முட்டும்வரை.