அறுபத்திரண்டு வரிகளையும் சரி என்றேன்

பௌர்ணமி நாள், காலை 9.12. திரையில் முதலில் கண்டது சிவப்பு எழுத்தில் அறுபத்திரண்டு வரிகள். ஒன்றைக்கூட நான் படிக்கவில்லை. எல்லாவற்றையும் சரி என்று ஏற்றேன். பிறகு பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் ஒருத்தி வேலை இழந்தாள்.

திருவண்ணாமலை செங்கம் சாலையில் ஒரு இரத்தப் பரிசோதனை நிலையம். அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்பவன் நான். முக்கியமான கோப்புகளின் நேற்றைய நிலையையும் இன்றைய நிலையையும் ஒரு மென்பொருள் ஒப்பிடும். ஒரு எண் மாறினாலும் ஒரு வரி வரும்: எந்தக் கோப்பு, எத்தனை மணிக்கு, யார் மாற்றியது. அது அனுமதியோடு நடந்ததா என்று பார்க்கத்தான் எனக்குச் சம்பளம். நான் 'சரி' என்று அழுத்திவிட்டால், மாறியதே சரியான வடிவம். மென்பொருள் அதைப் பற்றி மறுபடி வாய் திறக்காது.

அன்று கிரிவலக் கூட்டம். பேருந்தை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள்; நடந்து வந்தேன். முந்தைய நாள் மென்பொருள் புதுப்பிப்பு நடந்திருந்தது. எல்லா வரிகளும் அதனால் வந்தவை என்று நினைத்தேன். நினைத்தேனா? இல்லை... நினைக்கக்கூட இல்லை!

"இன்னா சார், வந்ததும் ஒரே தட்டுல முடிச்சிட்டீங்க? கம்ப்யூட்டருக்குக் காவல் தெய்வமே நீங்கதான். எலுமிச்சம்பழம் வெக்கட்டுமா?" என்று சிரித்தாள் தேவகி. இரத்த மாதிரிகளை இயந்திரத்தில் வைத்துச் சோதிக்கும் டெக்னீஷியன். நானும் சிரித்தேன்.

பதினோரு நாள் கழித்து அடி அண்ணாமலையிலிருந்து ஒருவர் வந்தார். எங்கள் அறிக்கையை மேசையில் வீசினார்.

"எங்கப்பா கால் வீங்கிக் கெடக்கறாரு. பெரியாஸ்பத்திரில கிட்னி போயிடுச்சின்றாங்க. நீங்க நார்மல்னு எழுதிக் குடுத்திருக்கீங்க! படிச்சவங்கதானே நீங்க?"

மறுபடி சோதித்தார்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு, எங்கள் அறிக்கைகளில் உண்மையான அளவில் பாதியாக வந்துகொண்டிருந்தது. கணக்கிடும் கோப்பில் ஒரு எண் மாறியிருந்தது.

அன்று மாலை என் மின்னஞ்சலைத் திறந்தேன். மென்பொருள் தானாக அனுப்பிய அந்த அறுபத்திரண்டு வரிகளின் நகல் அங்கே இருந்தது. நாற்பத்தொன்றாவது வரி: பௌர்ணமிக்கு முந்தைய நாள், பகல் 1.40, இயந்திரத்தை விற்ற நிறுவனத்தின் பயனர் பெயர். அவர்கள் ஆள் வெளியூரிலிருந்தே இணைந்து மாற்றியிருந்தான். தேவகியின் பெயர் எந்த வரியிலும் இல்லை.

மறுநாள் நிலையத்தை நடத்தும் டாக்டர் எங்கள் இருவரையும் அழைத்தார்.

"சார், நான் அந்த ஃபைலத் தொட்டதே இல்லைங்க," என்றாள் தேவகி. என் பக்கம் திரும்பினாள். "நீங்களே சொல்லுங்க சார். யார் மாத்தினாங்கனு உங்களுக்குத் தெரியும்ல?"

"ஏம்ப்பா, சிஸ்டத்துல ஏதாவது வந்துச்சா?" என்றார் டாக்டர்.

"எதுவும் வரலைங்க டாக்டர்."

மூன்றே சொற்கள். வெளியிலிருந்து யாரும் மாற்றவில்லை என்றால், இயந்திரத்தில் கை வைத்தவள் அவள் மட்டும்தானே? அன்றே அனுப்பிவிட்டார்கள்.

உண்மையைச் சொல்லியிருந்தால் போயிருக்கும் வேலை என்னுடையது. வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள்... இதைக் காரணமாகச் சொல்கிறேனா? அவளுக்கும் வீடு இருந்தது. நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்று இதை எழுதவில்லை. அந்த மின்னஞ்சலை நான் அழிக்கவும் இல்லை, யாரிடமும் காட்டவும் இல்லை. இரண்டில் எது கோழைத்தனம்? தெரியவில்லை!

போன மாதம் ஆரணியிலிருந்து ஒரு பரிசோதனை நிலையத்தார் தொலைபேசியில் கேட்டார்கள். "தேவகின்னு ஒரு பொண்ணு வேலை கேட்டு வந்திருக்குங்க. உங்க பேரத்தான் சொல்லுச்சு. எப்படிங்க, நம்பலாமா?"

"நான் கம்ப்யூட்டர் ஆளுங்க. லேப் விஷயம் எனக்குத் தெரியாதுங்க," என்றேன்.

தேவகி இப்போது தேரடி வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடிக்கிறாள்.