கீழாநெல்லியும் ஒரு மண்டலப் பத்தியமும்

என் கணவரின் அண்ணனுக்கு மஞ்சள் காமாலை என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல விரும்பவில்லை. அவர் செய்ததை ஒன்பது வருடமாக வயிற்றில் வைத்துக்கொண்டு அலைந்தவள் நான்.

அங்கன்வாடி வேலைக்கு எனக்கு நேர்காணல் கடிதம் வந்தது. அப்போது எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம், தபால்காரர் அதை அவர் கையில் கொடுத்திருக்கிறார். தேதி தாண்டும்வரை பீரோ மேல் போட்டு வைத்திருந்துவிட்டு, "நம்ம வீட்டுப் பொம்பள வேலைக்குப் போய்த்தான் அடுப்பு எரியணுமா?" என்றார். மறுபடி விண்ணப்பிக்க எனக்கு வயது தாண்டிவிட்டது. அப்புறம் அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூட நான் மனசோடு கொடுத்ததில்லை.

அவர் மனைவி, என் ஓரகத்தி, அடி அண்ணாமலை ஊரில் நாங்கள் தனிக்குடித்தனம் இருக்கும் வீட்டுக்கு வந்து நின்றாள். "டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொல்லி அனுப்பிட்டாருடி. நீ கீழாநெல்லி அரைச்சுக் குடுப்பியே, கொஞ்சம் குடு."

ஐப்பசி மழைக்குப் பிறகு மலையடிப் புல்வெளியில் கீழாநெல்லி வேண்டிய மட்டும் கிடைக்கும். இலைக்கு அடியில் கடுகு போலக் காய்கள் வரிசையாக இருக்கும். வேரோடு பிடுங்கிக் கழுவி, நெல்லிக்காய் அளவு அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் மூன்று நாள் குடிக்க வேண்டும். இலையைக் கல்லுப்போடு அரைத்துப் பூசினால் சொறிக்கும் கேட்கும். இதெல்லாம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பத்தியம் மட்டும் அரைத்துக் கொடுப்பவள் சொல்வதுதான். வழக்கமாக ஒரு வாரம். டாக்டர் பேச்சை மீறுகிறவர்கள்கூட அதை மீற மாட்டார்கள், காமாலை திரும்பிவிடும் என்று பயம்.

மருந்தைச் சரியாகத்தான் அரைத்தேன். பத்தியத்தில்தான் கை வைத்தேன்.

"ஒரு மண்டலம்க்கா," என்றேன். "நாப்பத்தெட்டு நாள். உப்பு, புளி, எண்ணெய் மூணும் ஆகாது."

அதற்குள் அவர் மகளின் நிச்சயதார்த்தம் வந்தது. ஊரே வடையும் சாம்பாருமாகச் சாப்பிட, அவர் இலையில் மட்டும் உப்பில்லாத மோர்ச்சோறு. நானே பரிமாறினேன். சம்பந்தி ஒரு வடையை நீட்டியதற்கு, "ஐயையோ, வேணாங்க" என்று இரண்டு கையாலும் இலையை மூடினார். கண் மட்டும் வடைத் தட்டு போன பக்கமெல்லாம் போனது. பார்க்கப் பார்க்க எனக்குச் சாப்பிடாமலே வயிறு நிறைந்தது.

நாற்பத்தெட்டாம் நாள் பார்க்கப் போனேன். உள்ளே பல நாளுக்குப் பிறகு அவருக்காகச் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. கண்ணில் மஞ்சள் சுத்தமாகப் போயிருந்தது, ஆள் பாதியாக இளைத்திருந்தார். போதும், விட்டுவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது.

என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். "நீ எனக்கு மக மாதிரிம்மா. உனக்கு நான் ஒரு கெடுதலும் பண்ணதில்ல. அந்தப் புண்ணியந்தான் உன் கையால என்னைக் காப்பாத்திச்சு."

நடிக்கவில்லை. அந்தக் கடிதம் அவர் ஞாபகத்திலேயே இல்லை.

கிட்டே போய் அவர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன்.

"லேசா மஞ்ச தெரியுது மாமா," என்றேன். "இன்னொரு மண்டலம் இருந்துடுங்க."